ஊசியை நிறுத்தலாமா என்று நீ கேட்ட செவ்வாய்க்கிழமை

என் பிரியமுள்ள மச்சான் சாலமோனுக்கு,

நீ போய் ஏழு வாரம் ஆகிறது. எனக்கு இன்னும் அழுகை வரவில்லை. சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், ஞாயிற்றுக்கிழமை ஏரியூர் சபையில் பிரசங்கம் பண்ணுகிறேன். எல்லாவற்றையும் வேறு யாரோ செய்வதுபோல் இருக்கிறது.

உன் பால் வண்டியை இப்போது வேறு ஒருவர் ஓட்டுகிறார். எஸ்தர் அங்கன்வாடி வேலைக்குத் திரும்பிவிட்டாள். உனக்கு மனைவியாவதற்கு முன்பே எனக்குத் தங்கை அவள். ஆனால் என்னோடு பேசுவதில்லை.

அந்தச் சுகமளிக்கும் கூட்டத்தையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். பல வருஷமாக தினம் இரண்டு வேளை இன்சுலின் போட்டவன் நீ. நான் உன் தலையில் கை வைத்து ஜெபித்து முடித்ததும் எழுந்து, "சர்க்கரை என்னை வுட்டுப் போயிருச்சுங்க" என்று சாட்சி சொன்னாய். சபை முழுக்க அல்லேலூயா என்றது. நான் கை தட்டினேன். ஒரு சொட்டு ரத்தம் எடுத்துச் சோதித்துப் பார்க்கலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை.

அதற்கடுத்த செவ்வாய்க்கிழமை என்னிடம் தனியாக வந்தாய். எப்போதும் என்னை மச்சான் என்று கூப்பிடுகிறவன், அன்றைக்கு ஐயா என்றாய்.

"ஐயா, ஊசி போட்டுக்கிட்டா விசுவாசம் இல்லைன்னு ஆயிருமுங்களா? நிறுத்திரலாங்களா?"

"அது உன் விசுவாசத்தைப் பொறுத்தது" என்றேன்.

நிறுத்து என்று நான் சொல்லவில்லை. நிறுத்தாதே என்றும் சொல்லவில்லை. எது நடந்தாலும் நான் தப்பித்துக்கொள்ளலாம், அப்படி ஒரு பதில். அன்று காலையிலும் என் பிரஷர் மாத்திரையைப் போட்டுக்கொண்டுதான் வந்திருந்தேன். அதை உன்னிடம் ஏன் சொல்லவில்லை? நீ கேட்கவில்லை என்பதாலா?

அந்தச் சனிக்கிழமை உனக்கு வாந்தி நிற்கவில்லை. மூச்சு வேகமாக இரைத்தது. ஆம்புலன்ஸில் தருமபுரிக்குக் கொண்டுபோனோம். டூட்டியில் இருந்த சின்ன வயசு டாக்டரம்மா, "இன்சுலினை யார் நிறுத்தச் சொன்னது?" என்று கேட்டார். எஸ்தர் என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

"அவராவே நிறுத்திக்கிட்டாருங்க."

என் வாய்தான் சொன்னது, மச்சான். அதற்குப் பிறகு நீ கண் திறக்கவில்லை. விடிவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

உன்னை அடக்கம் பண்ணும்போது, கர்த்தர் எடுத்துக்கொண்டார் என்று பேசினேன். குரல் நடுங்கவில்லை. ஒரு மாதம் கழித்து உன் வீட்டுக்குப் போனேன். எஸ்தர் உட்காரச் சொல்லவில்லை.

"கர்த்தர் எடுத்துக்கிட்டாருன்னு எல்லாருக்கும் சொன்னீங்க. நீங்க என்ன பண்ணீங்கன்னு எப்ப சொல்லப் போறீங்கண்ணா?"

வாசலிலிருந்தே திரும்பி வந்தேன். தேவன் குணமாக்குவார் என்பதை நான் இன்றைக்கும் நம்புகிறேன். ஆனால் ஓர் ஆய்வுக்கூடத்தில் யாரோ வருஷக்கணக்காகக் கண்விழித்துக் கண்டுபிடித்த மருந்தை, அவருடைய கை படாத பொருள் என்று எந்த வேதாகமப் பாடத்தில் படித்தேன்? மருந்தும் அவர் கொடுத்ததுதான் என்று நான் எப்போதாவது மேடையில் சொல்லியிருக்கிறேனா? ஆஸ்பத்திரிக்குப் போய் உயிர் பிழைத்த எத்தனை பேரைச் சாட்சி சொல்லக் கூப்பிட்டிருக்கிறேன்?

போன ஞாயிற்றுக்கிழமை பிரசங்கக் குறிப்பை மூடி வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். நீ கேட்டது, நான் மழுப்பியது, டாக்டரம்மாவிடம் பொய் சொன்னது, என் மாத்திரை, எல்லாம். சபை மூப்பர் எழுந்து, "ஐயா, இதெல்லாம் மேடையில சொல்லலாங்களா? சனங்க விசுவாசம் ஒடைஞ்சிருமுங்க" என்றார். நான்கு குடும்பம் பாதியிலேயே எழுந்து போனது. எஸ்தர் கடைசி வரிசையில் கடைசிவரை உட்கார்ந்திருந்தாள். வெளியே போகும்போது, "இதை அன்னிக்கே அந்த டாக்டர்கிட்ட சொல்லியிருக்கலாம்" என்றாள். அவ்வளவுதான்.

அவள் சொன்னது சரி.

எல்லோரும் போன பிறகு ஓர் அம்மா மட்டும் நின்றிருந்தார். வத்தல்மலையிலிருந்து பஸ் மாறி மாறி வந்தவர். அவருடைய மகளுக்கு வலிப்பு. போன கூட்டத்தில் அந்தப் பெண்ணுக்காகவும் கை வைத்து ஜெபித்திருந்தேன்.

"இப்பல்லாம் வலிப்பு வர்றதில்லைங்க ஐயா. மாத்திரைய நிறுத்திரலாமுங்களா?"

"வேணாம்மா. நிறுத்தாதீங்க. டாக்டர் சொல்ற வரைக்கும் ஒரு வேளைகூட வுடக்கூடாது. நாம ஜெபமும் பண்ணுவோம்."

அந்த அம்மா தலையாட்டிவிட்டுப் போய்விட்டார். இதைச் சொல்ல ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, மச்சான்.

மன்னிப்புக் கேட்க எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை. ஒன்று மட்டும் உனக்கு வாக்காகச் சொல்கிறேன். நாளை அந்த ஆஸ்பத்திரிக்குப் போகிறேன். அந்த டாக்டரம்மாவைத் தேடிப் பிடித்து, யார் நிறுத்தச் சொன்னது என்று அவர் கேட்டாரே, அதற்குப் பதில் சொல்லிவிட்டு வருவேன்.

எஸ்தரின் அண்ணன்,
உன் மச்சான்