ஒரு வெடியா, மூன்றா

வத்தேகம
2008 ஐப்பசி

அன்புத் தம்பி தயாபரனுக்கு,

அக்கா எழுதுகிறேன். நான் சுகம் என்று எழுதினால் நீ நம்பமாட்டாய். ஆகவே மழை நல்ல மழை என்று தொடங்குகிறேன். கண்டிக்குப் போனால் ஹந்தானை மலை இருந்த இடத்தில் வெறும் வெள்ளைதான் தெரிகிறது. மொன்றியலில் குளிர் தொடங்கியிருக்கும். காதை மூடிக்கொண்டு வெளியே போ.

என்னோடு படிப்பிக்கும் செசிலியா ரீச்சர் அங்கே மகளிடம் வருகிறார். அவர் கையில் இதைக் கொடுத்துவிடுகிறேன். தொலைபேசியில் பேச எனக்கு இப்போது பயம்.

அன்று நீ கேட்டது அத்தானின் குரல் பாதியில் நின்றதை மட்டும்தான். மிச்சத்தை நான் சொல்கிறேன். டியூசன் முடித்துப் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தவருக்கு நீ போன் எடுத்தாய். உங்கள் கம்பனியின் கணினி விளையாட்டுக்கு நீ செய்கிற அந்த நீளத் துவக்கைப் பற்றிய பழைய சண்டைதான். அசல் துவக்கு ஒரே வெடியில் ஆளை விழுத்தும், விளையாட்டிலும் அப்படித்தான் இருக்க வேண்டும் என்பது உன் கட்சி. அப்படி வைத்தால் புதிதாக வருகிறவன் எதைக் கண்டான், எல்லோருக்கும் ஒரே அளவு வாய்ப்பு வேண்டாமா என்பது அவர் கட்சி. "ஒரு வெடியிலை ஆளை முடிக்கிற துவக்கு சரிவராது தம்பி. மூண்டு வெடியாவது வேணும். அப்பதான் ரெண்டு பக்கமும் சமன்" என்று பஸ் முழுக்கக் கேட்கச் சொல்லியிருக்கிறார். கணக்கு மாஸ்டரின் தொண்டை, உனக்குத் தெரியாததா? பஸ்ஸில் பிள்ளையைத் தமிழில் கூப்பிடவே நாங்கள் யோசிக்கிற காலம். இந்த மனுசன் துவக்குக் கணக்குப் பார்த்திருக்கிறார், அதுவும் கனடாவோடு! அடுத்த சோதனைச் சாவடியில் பஸ்ஸை மறித்து அவரை மட்டும் இறக்கினார்கள்.

எனக்கு அவர் மேலும் கோபம்தான். முப்பத்தாறு வயதில் ஒரு மனுசன் நெட் கபேயில் இளந்தாரிகளோடு இருந்து சுடுவானா? கபேக்காரி சகீனா ராத்தாவிடம் முறையிட்டேன். "மாஸ்டர் சுடுறத்துக்கா வார? சாகுறத்துக்குத்தான் வார. விழுந்தவன எழுப்பப் போய்த்தான் ஒவ்வொரு தரமும் சாகுற" என்றார். சிரித்துவிட்டு இரண்டு பேரும் அழுதோம்.

தம்பி, எனக்கு ஒரு கனவு வருகிறது. நாவலப்பிட்டி ஸ்டேஷன். பனி. ரயில் சத்தமில்லாமல் வந்து நிற்கிறது. பிளாட்பாரத்தில் ஆட்கள் கிடக்கிறார்கள், ஆனால் யாரிலும் இரத்தம் இல்லை. நித்திரை போலத்தான் தெரிகிறது. நான் அவர்களுக்கு நடுவே நடக்கிறேன். குடையோடு கிடக்கிறவர் அப்பா. கையைப் பிடித்துத் தூக்குகிறேன். எழும்பி வேட்டியைத் தட்டிக்கொண்டு, "பிள்ளை, கண்டி ரயில் போயிட்டுதோ?" என்று கேட்கிறார். மற்றவர்களும் ஒவ்வொருவராக எழும்பி ரயிலில் ஏறுகிறார்கள். விடிந்த பிறகும் என் கையில் அந்தச் சூடு இருக்கிறது.

எண்பத்து மூன்று கலவரத்தில் அப்பா அந்த ஊரிலிருந்து திரும்பி வராதபோது நீ அம்மாவின் மடியில். அசல் எப்படி இருக்கும் என்று நான் பார்த்தேன், நீ பார்க்கவில்லை. அசல் வேண்டுமென்றால் இங்கே வந்து இருந்தால் போதுமே, அதைக் காசு கொடுத்து விளையாடுவானேன் என்று அத்தான் கேட்பார். நான் அப்போது காது கொடுக்கவில்லை.

போன கிழமை சிறையில் அவரைப் பார்க்க விட்டார்கள். நன்றாக மெலிந்துவிட்டார். பக்கத்தில் ஒருவர் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அப்படியிருந்தும் அவர் கேட்டது, "தயா அந்தத் துவக்கைக் குறைச்சிட்டானோ?" என்று. பக்கத்தில் நின்றவர் உடனே எதையோ எழுதினார். இந்த மனுசனை நான் என்ன செய்ய?

இனி விஷயத்துக்கு வருகிறேன். போனில் மற்றப் பக்கம் இருந்தது யார் என்று வழக்கறிஞரிடம் கேட்கிறார்களாம். அது ஒரு விளையாட்டுத் துவக்கு, அதைச் செய்கிறவன் நான், பேசியது என் அத்தானோடு என்று நீ ஒப்பமிட்டு எழுத வேண்டும். உன் கம்பனியும் அந்தத் துவக்கின் படத்தோடு ஒரு தாள் தர வேண்டும். தை மாதத் தவணைக்கு முன் வந்தால் அவரை விடக்கூடும் என்கிறார். இதை நான் மூன்று தரம் மின்னஞ்சலில் கேட்டேன். நீ ஒரு சொல்லும் எழுதவில்லை. உன் நிரந்தர வதிவிடம் இன்னும் முடியவில்லை, இந்த வழக்கில் பெயர் வந்தால் என்னாகுமோ என்று பயப்படுகிறாய். பயம் நியாயம்தான். ஆனாலும் உன் மேல் எனக்குக் கோபம் தம்பி, நிறையக் கோபம். அந்தப் பஸ்ஸில் நீங்கள் இரண்டு பேர் பேசினீர்கள். இறக்கினது ஒருவரை.

அத்தான் கெஞ்சிக் கேட்டு உன் விளையாட்டில் ஒன்று வைத்தாயே, நினைவிருக்கிறதா? விழுந்தவன் உடனே சாகமாட்டான். தன் ஆள் ஒருவன் ஓடிவந்து கையைப் பிடித்தால் எழும்பலாம். வருகிறவனுக்கும் வெடி படலாம். ஆனால் பிந்தினால் எழும்ப மாட்டான்.

அவர் விழுந்து கிடக்கிறார், ராசா. பக்கத்தில் நீதான் நிற்கிறாய்.

நல்லூர்க் கந்தன் உன்னை ஒரு குறையுமில்லாமல் வைத்திருக்கட்டும். சாப்பிடு. காதை மூடிக்கொள்.

உன் அக்கா
பத்மாதேவி விவேகானந்தன்