கடகட நின்னு போன பைக்

ஹாமிஷ்,

நேத்து வாட்டின ஆட்டுத்தொடை ஃப்ரிட்ஜ்ல இருக்கு, சூடு பண்ணிச் சாப்பிடு. நான் டிமாரு டவுனுக்குப் போயிட்டு நாலு மணிக்குள்ள வந்துடுவேன். குட்டி போடுற ஆடுகளைப் பார்க்க நீ மேட்டுக்குப் போகணும்ல, நாலு சக்கர பைக் ரெடி.

நீ பக்கத்துப் பண்ணையில இருந்த ரெண்டு நாள்ல எஞ்சினைப் பிரிச்சுட்டேன். கத்தாதே. 'டேப்பட் சத்தம்தான், உனக்கென்ன தெரியும்'னு சொன்னியே, மூணு தடவை நீ அந்த வால்வு இடைவெளியை அட்ஜஸ்ட் பண்ணியும் கடகடன்னுதானே இருந்துச்சு? ஸ்க்ரூ டிரைவரை எஞ்சின்மேல ஊணி, கைப்பிடியில காதை வச்சுக் கேட்டேன். சத்தம் வந்தது, எஞ்சினுக்குள்ள வால்வுகளை ஓட்டுற டைமிங் செயின் பக்கம். அதை இறுக்கிப் பிடிக்கிற டென்ஷனர் சிக்கி, செயின் தொளதொளன்னு கிடந்துச்சு. ரெண்டையும் மாத்தி, பல்சக்கரத்துல இருக்கிற குறிக்குக் குறி சேர்த்து, கையால சுத்திப் பார்த்துட்டுதான் ஸ்டார்ட் பண்ணேன். இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தா செயின் பல் தாண்டி எஞ்சினே போயிருக்கும்.

பழைய செயினை உன் தட்டுல வச்சிருக்கேன். மன்னிப்பெல்லாம் வேணாம், பார்த்தா போதும்.

நைரி

சாவி ரொட்டி டப்பாவுல. காலையில ஓட்டிப் பார்த்தப்போ நம்ம டஃப் எழுந்தே வரல. கடகட கேட்டாத்தானே அந்த நாய்க்கு வேலை நேரம். விசில் அடிச்சுக் கூப்பிடு.

இன்னொண்ணு. எனக்கும் அதே கதைதான். மேட்டுல அந்தச் சத்தம் கேட்டதும்தான் தினமும் டீக்குத் தண்ணி வைப்பேன். இனிமே நீ வர்றது எப்படித் தெரியும்? ஒவ்வொரு நாய்க்கும் ஒரு விசில் வச்சிருக்கியே, எனக்குன்னும் ஒண்ணு அடி. 'உட்காரு'ங்கிற விசில் மட்டும் வேணாம்.