கால்வாய்க் கரையில் ஒரு பந்தி

19.1.2003, ஞாயிறு

பேத்தி ஸ்ரீதேவியும் அவள் வீட்டுக்காரர் பிரவின்குமாரும் மெட்ராசிலிருந்து மாமல்லபுரம் வந்திருக்கிறார்கள். மாப்பிள்ளைக்குக் கம்ப்யூட்டர் ஆபீசில் வேலை. கொஞ்ச காலம் இங்கிலாந்துக்கு அனுப்பி வைத்திருந்தார்கள். போட்டோ காட்டினார். வயலுக்கு நடுவே ஒரு கால்வாய், கரையோடு புல் முளைத்த ஒற்றையடிப் பாதை. அந்தக் காலத்தில் அதில் குதிரை நடந்து படகை இழுக்குமாம். இப்போது ஞாயிற்றுக்கிழமையானால் சனங்கள் நடக்கிறார்களாம்.

எங்கே போவதற்கு என்று கேட்டேன். "எங்கயும் இல்ல பாட்டி, சும்மா நடக்கத்தான்" என்றார். நடந்து முடித்து டீ குடிப்பார்களாம். நல்ல பிழைப்பு.

"இங்கயும் பக்கிங்காம் கால்வாய் கீது. குதிரைதான் இல்ல. எங்க நைனாதான் குதிரை" என்றேன். சிரிக்கலாமா கூடாதா என்று மாப்பிள்ளை ஸ்ரீதேவி முகத்தைப் பார்த்தார். நிஜம்தான். சவுக்கு விறகு ஏற்றின படகை நைனா தோளில் கயிறு போட்டு, கரையோடு நடந்து மெட்ராஸ் வரைக்கும் இழுப்பார். கூழ்த் தூக்கை எடுத்துக்கொண்டு நானும் தங்கச்சியும் பின்னாலேயே ஓடுவோம்.

தங்கச்சி என்று எழுதிவிட்டேன். கோடு போட்டு அடிக்கவில்லை. இருக்கட்டும்.

22.1.2003

மருமகள் வசுமதி மீன் ஆய்ந்துகொண்டே சொன்னாள். நெம்மேலியில் இருக்கிற என் தங்கச்சி, வேண்டா, தன் நிலத்தை விற்றுவிட்டாளாம். வீட்டையும் காலி செய்துவிட்டுச் சித்திரையில் ஓசூருக்கு மகனோடு போய்விடுகிறாளாம். "ஒரு எட்டு பாத்துட்டு வாங்களேன் அத்தை. அப்புறம் எங்க பாக்கப் போறீங்க?"

போகட்டும். எனக்கென்ன?

தொண்ணூற்றிரண்டு வைகாசி. வேண்டா மகள் கல்யாணம். மாம்பழக் கலர் பட்டு கட்டிக்கொண்டு முதல் பந்தியில் உட்கார்ந்தேன். இலையில் உப்பு வைத்தாயிற்று. வேண்டா வந்தாள். "நீ எழுந்திரு, அப்புறம் துன்னலாம்" என்றாள், அத்தனை பேர் எதிரில். கூடப் பிறந்தவளை எழுப்பிவிட்டு அந்த இலையில் யாரை உட்கார வைத்தாள்? சம்பந்தி வீட்டுக் கார் டிரைவரை! நீலச் சட்டை, பாக்கெட்டில் இரண்டு பேனா. இன்றைக்கும் கண்ணில் நிற்கிறான். இரண்டாம் பந்திக்கு நான் நிற்கவில்லை. பஸ் ஏறி வந்துவிட்டேன். அதிலிருந்து அவளோடு ஒரு வார்த்தை கிடையாது.

எனக்கென்ன என்றுதான் எழுதினேன். அப்புறம் ஏன் குழம்புக்கு உப்புப் போட மறந்தேன்?

1.2.2003

ஸ்ரீதேவியும் மாப்பிள்ளையும் மறுபடி வந்திருக்கிறார்கள். நாளைக்கு மாப்பிள்ளையும் நானும் கால்வாய்க் கரையில் நடக்கப்போகிறோம். "ம்மா, அங்க இன்னா பாதை கீது? முள்ளுதான் கீது" என்று மகன் செல்வராஜ் கத்துகிறான். கத்தட்டும். நைனா நடந்த கரை. நெம்மேலிப் பக்கம் ஆரம்பித்துத் திருவிடந்தை வரைக்கும். நம்மூரிலிருந்தே ஆரம்பிக்கலாமே என்றேன். "உன் முட்டிக்கு அது போதும் ஆயா" என்றாள் ஸ்ரீதேவி. என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். என்னமோ இருக்கிறது.

2.2.2003, ஞாயிறு

இருந்தது. பஸ்ஸை விட்டு இறங்கிக் கால்வாய்க்குப் போனால், கரைமேல் கழியும் தூக்குப்பையுமாக வேண்டா நிற்கிறாள். இளைத்துவிட்டாள். எல்லாம் ஸ்ரீதேவி வேலை. அந்தக் கள்ளி கூட வரவும் இல்லை, அப்பாவோடு நேராகத் திருவிடந்தைக்கு வந்துவிடுகிறாளாம். திரும்பிப் போகலாம் என்றால் வந்த பஸ் போய்விட்டது.

நடந்தோம். முன்னால் வேண்டா, நடுவில் மாப்பிள்ளை, பின்னால் நான்.

"மாப்ள, சில பேரு மெதுவா வந்தா நல்லது. ரிப்பேர் முட்டி" என்றாள் வேண்டா.

"என் முட்டிக்காவ யாரும் பேஜாரு ஆவ வேணாம்னு சொல்லுங்க மாப்பிள்ளை."

பாவம், அவர் நிஜமாகவே திரும்பிச் சொன்னார். "சின்னப் பாட்டி, பேஜார் ஆக வேணாமாம்."

"கேட்டுச்சி. எனக்குக் கண்ணுலதான் புரை, காதுல இல்ல."

கரையெல்லாம் சீமைக்கருவேல முள். ஆனால் மழைத் தண்ணீர் வற்றவில்லை, கால்வாய் நிறையக் கொக்கு. கடல் காற்று முதுகைத் தள்ளியது. சொல்லக் கூடாது, சந்தோஷமாகத்தான் இருந்தது.

ஓரிடத்தில் கரை உடைந்து சேறாகக் கிடந்தது. சுற்றிப் போங்க என்று வாயெடுப்பதற்குள் மாப்பிள்ளை தாண்டினார். வெளிநாட்டு வெள்ளை ஷூ. முழங்கால் வரைக்கும் உள்ளே. "பாட்டி!" என்கிறார், சின்னப் பிள்ளை மாதிரி. வேண்டா தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தாள். எட்டவில்லை. என் துண்டையும் பிடுங்கி முடிச்சுப் போட்டு வீசினாள். இரண்டு பேரும் பிடித்து இழுத்தோம். அசையவில்லை.

"யக்கா! நின்னுகினு இழுக்காத! தோள்ல போட்டுகினு நட! நைனா மாதிரி நட!"

நடந்தோம். சளக்கென்று சத்தம். மாப்பிள்ளை வந்துவிட்டார், ஒரு ஷூ வரவில்லை. மூன்று பேரும் கரையில் விழுந்து கிடந்து சிரித்தோம். மூச்சு வந்த பிறகுதான் உறைத்தது. முதலில் பேசியது அவள்தான். இதை எழுதி வைக்கிறேன், நாளைக்குப் பேச்சு மாறக் கூடாது.

ஒரு பனைமர நிழலில் தூக்கைத் திறந்தாள். புளிச்சோறு, கருவாட்டு வறுவல். மாப்பிள்ளைக்கு இலை போட்டாள். எனக்குப் போடவில்லை.

"இன்னாடி, மறுபடியுமா?" என் வாயை என்னால் பிடிக்க முடியவில்லை.

"இன்னா மறுபடியும்? விருந்தாளி துன்னப்புறம்தான வூட்டு மனுஷி துன்னணும்? அன்னிக்கும் அதான? உன் பக்கத்துல குந்தி துன்னலாம்னு நானும் துன்னாம இருந்தேன். திரும்பிப் பார்த்தா நீ பஸ் ஏறிட்ட. அப்புறம் எனக்குச் சோறு எறங்குமா? ராப்பட்டினி."

"அதுக்குன்னு ஒரு டிரைவரயா என் எலையில குந்த வெச்ச?"

"டிரைவரா? அய்யோ யக்கா, அவரு கல்யாண மாப்ளயோட தாய்மாமன்! வாத்தியாரு! பேனா வெச்சிருந்தாரே, பாக்கல?"

பார்த்தேனே. பேனாவைத்தான் நன்றாகப் பார்த்தேனே.

"எங்க திருச்சியிலயும் வீட்டாளுங்க கடைசிப் பந்திதான் பாட்டி" என்று மாப்பிள்ளை வறுவலைக் கடித்துக்கொண்டே சொன்னார். யார் இவரைக் கேட்டது?

"சொல்லிட்டு எழுப்பியிருக்கலாம் இல்ல?" என்றேன்.

"கல்யாண வூட்டுக் கூச்சல்ல உன் காதுல வுழுமா? சரி வா, சோறு காயுது." ஒரே இலையில் இரண்டு பேருக்கும் போட்டாள்.

திருவிடந்தையில் செல்வராஜும் ஸ்ரீதேவியும் டீயோடு நின்றார்கள். ஒற்றை ஷூவோடு மாப்பிள்ளை வந்ததைப் பார்த்து ஸ்ரீதேவி சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். நெம்மேலிக்கு பஸ் வந்தது. ஓசூர் போகாதே என்று வேண்டாவிடம் சொல்லத்தான் கிட்டே போனேன். "படி பார்த்து ஏறு" என்றேன்.

3.2.2003

படி பார்த்து ஏறு. ஏன்டி, அவ்வளவுதானா உன் வாயில் வந்தது?

20.2.2003

முட்டிக்குத் தைலம். வசுமதி காலண்டரைக் கிழிக்கும்போதெல்லாம் சித்திரைக்கு எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கிறேன். அவளும் என்னைப் பார்க்கிறாள்.

9.3.2003, ஞாயிறு

நெம்மேலி போனேன். கூப்பிடாமல் போனேன், என் வயசுக்கு இதெல்லாம் முதல் தடவை. அவள் வீட்டில் பாதிச் சாமான் மூட்டை கட்டியாயிற்று. மூட்டைமேல் உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடித்தேன்.

"ஓசூர்ல குளிரு. மூணாம் மாடியாமே. உன் கண்ணுக்கு அதெல்லாம் ஏற முடியாது. எங்க வூட்ல ஒரு கட்டில் சும்மா கீது."

"உன் மருமவ இன்னா சொல்வா?"

"அவதான் தூசி தட்டி வெச்சிருக்கா."

"உன் கோவம் திரும்பி வந்தா?"

"வரும். வந்தா நீ எதிர்க் கட்டில்லதான கீற? பஸ் ஏற வேணாம். அங்கயே சண்ட போட்டுக்கலாம்."

பார்க்கலாம் என்றாள்.

15.6.2003

எழுதி நாளாகிறது. உட்கார்ந்தால், "இன்னா எழுதற? என்னப் பத்தியா? படி" என்று எதிர்க் கட்டிலிலிருந்து குரல் வருகிறது. கத்திரி வெயிலிலும் விடியற்காலை நடையை விடவில்லை. கால்வாய்ப் பாலம் வரைக்கும் போய், அங்கே ஒரு சண்டை போட்டுவிட்டுத் திரும்பி வருகிறோம்.

காலையில் ஓசூரிலிருந்து அவள் மகன் போன் செய்தான். ஒரு மாதம் இருந்துவிட்டு வருகிறேன் என்றாயே, எப்போதுதான் வரப்போகிறாய் என்று கேட்டிருக்கிறான்.

"எங்கப்பா வர்றது? உங்க பெரியம்மாவுக்கு ஒத்தயில நடக்க பயமா கீதாம்" என்று வாய் கூசாமல் புளுகுகிறாள்.

நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். நாளை நடைக்கு இரண்டு பேர் துண்டையும் எடுத்துவைத்தேன்.