நாலு விரல் மடிப்பு

ஜெர்மன் போர்க்கைதிகள் முகாம், பிரான்ஸ்
9 நவம்பர் 1947

அன்பு எல்ஃப்ரீட,

நீயும் நம் லோரேயும் சுகமா? எனக்கு இருமல் விட்டுவிட்டது, கவலைப்படாதே.

கிறிஸ்துமஸுக்கென்று என் போர்வையை வெட்டி லோரேக்குக் கவுன் தைத்தேன். வளர வளரப் பிரித்துவிட, நம் வழக்கப்படி கீழே நாலு விரல் மடிப்பும் வைத்தேன். பக்கத்துக் கட்டில் குர்ட் தூக்கிப் பார்த்துச் சிரித்தான்.

"பொம்மைக்காய்யா தைச்சிருக்கே? மகளுக்கு என்ன வயசு?"

"மூணு" என்றேன் யோசிக்காமல். அது நான் போருக்குப் புறப்பட்டபோது. இப்போது ஏழு. மடிப்பை முழுக்கப் பிரித்தாலும் போதாது.

சிரித்தவனே தன் மேலங்கியைக் கொடுத்துவிட்டான். துணி இருக்கிறது, அளவுதான் இல்லை. அவளைச் சுவரோரம் நிறுத்தி, தோளிலிருந்து முழங்கால்வரை நூல் பிடித்து வெட்டி அனுப்பு.

தபாலுக்குக் கூப்பிடுகிறார்கள். நூலைக் கொஞ்சம் நீளமாகவே வெட்டு. எங்களை எப்போது விடுவார்கள் என்று இன்னும் சொல்லவில்லை.

உன் ஹார்ட்மூட்