ஏழாவது அடிக்குறிப்பு

ஐப்பசி, செவ்வாய்க்கிழமை.

சட்டக் கல்லூரியில் என் முதல் கட்டுரைக்கு நூற்றுக்கு நாற்பத்தொன்று. எங்கள் சாணார்பட்டிக் கிணற்றில் எந்தக் கிழமை யாருக்குத் தண்ணீர் என்று எழுதி, ஏழாவது அடிக்குறிப்பில் ஆதாரமாக அப்பா பெயரைப் போட்டிருந்தேன். பேராசிரியர் அதைச் சிவப்பில் அடித்துவிட்டார். "அப்பா சொன்னதெல்லாம் ஆதாரமாம்மா?" வகுப்பே சிரித்தது.

வழக்கமும் சட்டம்தான் என்று பாடம் நடத்தியவரே அவர்தான்.

சாயங்காலம் பெரியப்பாவுக்கு போன் போட்டேன். கிணற்றில் பாதிப் பங்கு அவருடையது. வரப்புத் தகராறில் அப்பாவோடு பேச்சை விட்டவர்.

"திங்கக்கெழம விடிஞ்சா ஒங்கப்பன் முறைதான்த்தா. அத யாரு இல்லேன்னா?" என்றார்.

திருத்திய கட்டுரையிலும் ஏழாவது அடிக்குறிப்பு அப்படியே இருக்கும். எட்டாவதில் பெரியப்பா. எதிராளியே ஒத்துக்கொண்டாயிற்று. அதையும் சிவப்பில் அடிக்கட்டும், பார்க்கிறேன்.