இடி கேட்டு விதைத்த நெல்

கிளிவெட்டி, புரட்டாதி, வியாழக்கிழமை

ஈரேழு உலகமும் வியக்கும் என் ஒரு ஏக்கர் சாம்ராஜ்யத்தில் இன்று விதைத்தேன். காலையில் வெருகல் பக்கம் இடி முழங்கியது. முதல் இடி கேட்டதும் காய்ந்த புழுதியிலேயே நெல்லை விதைத்துவிட்டு மழைக்குக் காத்திருப்பது எங்கள் வழக்கம். மேகங்கள் என் உத்தரவுக்குத்தான் நிற்கின்றன என்று ஊருக்கு அறிவித்துவிட்டு, விதைநெல்லில் பாதியை வீசினேன்.

மத்தியானம் தங்கச்சியின் மகள் ராசாத்தி வரம்புக்கு வந்தாள்.

“மாமா, அது இடியில்லை. பீரங்கியால ஷெல் அடிக்கிறாங்கள். சனம் ஓடி வருகுது.”

“இந்திரனும் ஷெல்தான் அடிக்கிறான், பிள்ளை.”

அவள் சிரிக்கவில்லை. “மிச்ச நெல்லையாவது வையுங்கோ. மேட்டில குரக்கன் போடுவம். அதுக்குக் கொஞ்ச ஈரம் காணும்.”

“சக்கரவர்த்தி குரக்கன் கூழ் குடிக்கிறதோ?”

“பிள்ளையள் குடிப்பினம்.”

“ஓம், வைப்பம்,” என்றேன். வீசிய நெல்லைப் புறாக்கள் பொறுக்கத் தொடங்கியிருந்தன.

பின்னேரம் வெருகல் சனம் எங்கள் வீட்டு வளவை நிறைத்தது. குழந்தைகள் பசியில் அழக்கூட இல்லை. வைக்கச் சொன்ன ராசாத்தியே அந்த மிச்ச விதைநெல் மூட்டையை அவிழ்த்து உரலில் கொட்டினாள். விதைநெல்லைக் குத்துகிறவனுக்கு ஏழு பிறப்பிலும் சோறில்லை என்று ஊரெல்லாம் முழங்கியவன் நான். மற்ற உலக்கையை எடுத்தேன்.

குரக்கன் விதைக்கு நாளைக்கு யாரிடம் போவது?