நாற்பத்து மூன்றாவது படம்

ஜூன் 3

குட்டியின் அப்பாவுக்கு,

நலம். போனில் பேசினால் சண்டையில்தான் முடிகிறது, அதனால் எழுதுகிறேன். பேச்சு வராத நம் குட்டிக்கு நீங்கள் டேப்லெட்டில் செய்து கொடுத்த படப் பலகை ஒழுங்காக ஓடுகிறது. படத்தைத் தொட்டால் உங்கள் குரலில் "தண்ணி வேணும்", "தலை வலிக்குது" எல்லாம் சொல்கிறது. அதில் ஒரே ஒரு படத்தை மாற்ற வேண்டும். ஆனால் கம்ப்யூட்டர் புது சிஸ்டத்துக்கு மாறியதிலிருந்து, நீங்கள் பலகையை எழுதிய, அதைத் திருத்தவும் தேவையான பழைய சாஃப்ட்வேர் திறந்த நாலாவது விநாடியே மூடிக்கொள்கிறது. என்ன செய்யலாம்? குட்டிக்கு முன்பல் விழுந்துவிட்டது.

குட்டியின் அம்மா

ஜூன் 11

அன்புள்ள உனக்கு,

உன் கையெழுத்தைப் பார்த்ததும் வாசலிலேயே நின்று பிரித்துப் படித்தேன். ஐகானில் ரைட் கிளிக் செய்து, பழைய சிஸ்டத்துக்கு ஏற்றபடி ஓட்டச் சொல். கேட்காவிட்டால் செட்டிங்ஸ் ஃபைலை அழித்துவிட்டுத் திற. அப்டேட் கேட்டால் 'பிறகு' என்பதையே அழுத்தும்படி திரையோரம் சீட்டு ஒட்டியிருந்தேனே? என்ன படம் சேர்க்க வேண்டும், சொல். குரல் பதிந்து அனுப்புகிறேன். பல்லைப் பத்திரமாக வை.

உன்னுடையவன் (இன்னும் அப்படி எழுதலாம் என்றால்)

ஜூன் 19

குட்டியின் அப்பாவுக்கு,

இரண்டும் செய்தாயிற்று. நாலு விநாடி பதினொன்று ஆனது, அவ்வளவுதான் முன்னேற்றம். சீட்டை நான்தான் உரித்தேன். நீங்கள் வீட்டைவிட்டுப் போன அந்த வாரம், உங்கள் கையெழுத்து இருந்த எதையும் விட்டுவைக்கவில்லை. டப்பா லேபிள்கள்கூடப் போய், இன்றுவரை உப்பா சர்க்கரையா என்று நாக்கில் வைத்துத்தான் பார்க்கிறேன். அப்டேட் கேட்டது, சரி என்றேன். என் கோபம் என் தலையிலேயே விடிந்தது. ரிப்பேர் கடைக்காரர், "இதைச் செஞ்சவரையே கூப்பிடுங்கம்மா" என்கிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை வர முடியுமா? நான் வெளியே போய்விடுகிறேன்.

குட்டியின் அம்மா

ஜூலை 2

அன்புள்ள உனக்கு,

வர முடியாது. இங்கே இருப்பவளுக்குப் பிடிக்காது. கோழை என்று திட்டிக்கொள். கம்ப்யூட்டருக்குள்ளேயே பழைய சிஸ்டத்தைத் தனியாக ஏற்றி அதில் ஓட்டலாம், ஆனால் சாஃப்ட்வேரின் சிடி வேண்டும். வீடு மாறியபோது அதைத் தொலைத்துவிட்டேன். விற்ற கம்பெனியையும் மூடிவிட்டார்கள். எல்லாவற்றையும் புதிதாக எழுத எனக்கு இப்போது நேரமில்லை. அது என்ன படம் என்று நீ சொல்லவே இல்லையே?

குட்டியின் அப்பா

ஜூலை 9

குட்டியின் அப்பாவுக்கு,

மாற்ற வேண்டும் என்றது சேர்க்க அல்ல, எடுக்கத்தான். நாற்பத்து மூன்றாவது படம், கதவு. தொட்டால் "அப்பா எப்ப வருவாரு?" என்கிறது. நீங்கள் ஆறு மணிக்கு வீடு திரும்பிய நாட்களில் பதிந்தது. இப்போதும் ஆறடித்தால் டேப்லெட்டோடு வாசலில் உட்கார்ந்து அதைத்தான் அழுத்துகிறாள். நீங்கள் எப்போது வருவீர்கள் என்று நீங்களே கேட்கிறீர்கள். பதில் சொல்ல வேண்டியவள் நான். டேப்லெட்டை ஒளித்து வைத்தால் தண்ணீர் கேட்கக்கூட அவளுக்கு வழியில்லை. படத்தின் மேல் காகிதம் ஒட்டினேன். உரித்துப் போட்டாள். அந்த விஷயத்தில் என் மகள்.

இனி வழி எதுவும் எழுத வேண்டாம். இத்தனை நாள் "நாளைக்குடி கண்ணு" என்று சமாளித்தேன். உங்கள் கடிதத்தைப் படித்த அன்று "வரமாட்டாருடி" என்று சொல்லிவிட்டேன். என் முகத்தையே பார்த்தாள். 'ஏன்' என்று கேட்பதற்கு நீங்கள் படம் வைக்கவில்லை. அதனால் மறுபடியும் கதவையே அழுத்தினாள்.

குட்டியின் அம்மா